எரிபொருளை அளப்பதா, எஞ்சினை அளப்பதா?

2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தை நம் செய்தித்தாள்கள் பெரிதாக வெளியிட்டன. நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றதே காரணம். பொங்கல் விடுமுறை முடிந்து வகுப்புக்கு வந்த ஒரு மாணவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, அந்தக் காரை அவர்களே செய்தார்களா?" இல்லை என்றேன். அது போர்ஷே நிறுவனம் பந்தயத்துக்கென்றே செய்து விற்கும் கார். உரிய விலை கொடுக்கும் எந்த அணியும் அதை வாங்கலாம். இவ்வாறு தொழிற்சாலை செய்த காரைத் தனி அணிகள் விலைக்கு வாங்கி ஓட்டும் பந்தயத்தை 'வாடிக்கையாளர் பந்தயம்' எனலாம்.

மாணவர் விடவில்லை. "அப்படியானால் பணம் உள்ளவர் நல்ல எஞ்சினாகப் பார்த்து வாங்கி வென்றுவிட மாட்டாரா?" என்றார். இது நல்ல கேள்வி. இதற்கு விடை எஞ்சினில் இல்லை; விதிநூலில் இருக்கிறது. எந்த அளவைக் கட்டுப்படுத்துவது என்று விதிநூல் முடிவு செய்கிறது. அந்த முடிவே எந்த எஞ்சின் வெல்லும், அதற்கு எவ்வளவு செலவாகும், யார் களத்தில் எஞ்சுவார் என்பவற்றைத் தீர்மானிக்கிறது.

ஒரு கதையையோ நாடகத்தையோ மதிப்பிடுவது போல ஒரு விதியையும் மதிப்பிடலாம். அது என்ன நோக்கம் கொண்டது, அதன் உள்ளே இருக்கும் இயற்பியல் என்ன, முடிவில் என்ன விளைந்தது என்று பார்த்தால் போதும். விளையாட்டுக் கார்ப் பந்தயங்களை ஆண்ட மூன்று விதிகளை இங்கே அவ்வாறு நோக்குவோம்.

முதல் விதி: 600 லிட்டர்

1982இல் உலக விளையாட்டுக் கார்ப் பந்தயங்களுக்கு 'சி பிரிவு' என்ற புதிய விதி வந்தது. அதன் சாரம் எளியது. எஞ்சின் எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம். எத்தனை சிலிண்டரும் இருக்கலாம். டர்போ வைக்கலாம், வைக்காமலும் விடலாம். ஆனால் 1,000 கிலோமீட்டர் பந்தயத்துக்கு 600 லிட்டர் எரிபொருள் மட்டுமே. பிரான்சில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்கு 2,600 லிட்டர்.

இதன் பொருளை ஒரு சிறு கணக்கால் காண்போம். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் உண்டு. 600 லிட்டரில் 19,200 மெகாஜூல். சராசரி வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர் என்றால் 1,000 கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 19,000 நொடிகள் ஆகும். ஆகவே எஞ்சினுக்குள் நொடிக்குச் சுமார் ஒரு மெகாஜூல் வெப்பம் நுழைகிறது. எஞ்சினின் பயனுறு திறன் 30 விழுக்காடு என்று கொண்டால் சக்கரத்துக்குக் கிடைப்பது 300 கிலோவாட், அதாவது சுமார் 400 குதிரைத்திறன்.

அக்காலத்தில் புகழ்பெற்ற போர்ஷே 956 காரின் 2.65 லிட்டர் இரட்டை டர்போ எஞ்சின் 620 குதிரைத்திறன் வரை தரவல்லது. ஆனால் பந்தயம் முழுவதும் சராசரியாக 400க்கு மேல் செலவிட அதற்கு அனுமதி இல்லை. இன்னொருவர் பெரும் பணம் கொட்டி 900 குதிரைத்திறன் எஞ்சின் செய்தாலும் அவருக்கும் அதே 600 லிட்டர்தான். சம்பளம் ஒன்றாக இருக்கும் இரு குடும்பங்களில் சிக்கனமாகச் செலவிடும் குடும்பம் மாதக் கடைசியில் கையில் காசுடன் நிற்பதைப் போல, இங்கும் பயனுறு திறனைக் கூட்டுவதே வெற்றிக்கு வழி.

இவ்விதியின் பெருமைக்கு லெ மான் வெற்றிப் பட்டியலே சான்று. 1982 முதல் 1987 வரை போர்ஷேயின் ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சின் வென்றது. 1988இல் டர்போ இல்லாத, 7 லிட்டர் கொள்ளளவும் 12 சிலிண்டர்களும் கொண்ட ஜாகுவார் வென்றது. 1989இல் 5 லிட்டர் எட்டு சிலிண்டர் டர்போ எஞ்சினுடன் சாபர்-மெர்சிடிஸ். 1990இல் மீண்டும் ஜாகுவார். 1991இல் பிஸ்டனே இல்லாத சுழல் எஞ்சின் கொண்ட மஸ்தா 787பி. கொள்ளளவில் இரண்டு மடங்குக்கு மேல் வேறுபட்ட எஞ்சின்கள் ஒரே களத்தில் ஒன்றையொன்று வென்றன. எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வெறும் பேச்சாக இல்லாமல் உண்மையாகவே இருந்தது.

வாங்கியவர் விற்றவரை வென்றார்

இனி வாடிக்கையாளரைப் பார்ப்போம். போர்ஷே 956 காரையும் அதன் தம்பியான 962 காரையும் நிறுவனம் தனி அணிகளுக்கு விற்றது. இரண்டிலும் சேர்த்து நூற்றுக்கு மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டன. 1983 லெ மான் பந்தயத்தில் முதல் பத்து இடங்களில் ஒன்பது 956 கார்களுக்கே கிடைத்தன.

1985இல் எரிபொருள் அளவு இன்னும் 15 விழுக்காடு குறைக்கப்பட்டு லெ மானுக்கு 2,210 லிட்டர் என்றாயிற்று. அந்த ஆண்டு போர்ஷே தொழிற்சாலையே தன் சொந்த அணியுடன் வந்திருந்தது. வென்றது யார்? யோஸ்ட் என்ற ஜெர்மானியத் தனி அணி. அதற்கு முந்தைய ஆண்டில் வென்ற அதே 956 காரைத்தான் அவர்கள் மீண்டும் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டாம் இடமும் ஒரு தனி அணிக்கே. தொழிற்சாலைக் கார் மூன்றாம் இடத்தில் வந்தது.

யோஸ்ட் கார் 24 மணி நேரத்தில் ஓடிய தூரம் சுமார் 5,088 கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு 212 கிலோமீட்டர். அனுமதித்த எரிபொருள் முழுவதும் தீர்ந்ததாகக் கொண்டாலும் 100 கிலோமீட்டருக்கு 43 லிட்டர்தான். பந்தயத்தின் தொடக்கத்தில் அந்த இரு தனி அணிக் கார்களும் மாறி மாறி ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. முன்னால் போகும் கார் காற்றைப் பிளந்து வழி விடுவதால் பின்னால் வருவதற்குக் காற்றுத் தடை குறைகிறது, எரிபொருள் மிஞ்சுகிறது. இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. கணக்குப் போடத் தெரிந்த ஒருவரும் பொறுமையுள்ள ஓட்டுநரும் போதும். பணத்துக்கு ஈடாக அறிவு நிற்க இடம் கொடுத்தது என்பதே இவ்விதியைப் பற்றி நாம் சொல்லக்கூடிய உயர்ந்த பாராட்டு.

குறையும் உண்டு. கடைசி மணியில் எரிபொருளை மிச்சப்படுத்தக் கார்கள் மெதுவாக ஓடியதைப் பார்வையாளர்கள் விரும்பவில்லை. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவிகள் வளர வளரத் தொழிற்சாலைகளின் கை ஓங்கவும் செய்தது. என்றாலும் களம் நிறைந்தே இருந்தது.

இரண்டாம் விதி: 3.5 லிட்டர்

ஃபார்முலா ஒன் பந்தயங்களில் 1989 முதல் டர்போ இல்லாத 3.5 லிட்டர் எஞ்சின் கட்டாயமாயிற்று. விளையாட்டுக் கார்களுக்கும் அதே எஞ்சினை விதிக்க முடிவாகி, 1991இல் அது நடைமுறைக்கு வந்தது. புதிய கார்களுக்கு எரிபொருள் கட்டுப்பாடு இல்லை. குறைந்த அளவு எடை 750 கிலோகிராம். பழைய விதிக் கார்கள் ஓடலாம். ஆனால் போர்ஷே, ஜாகுவார் போன்றவை 1,000 கிலோகிராம் இருக்க வேண்டும்.

ஒரே எஞ்சின் இரண்டு பந்தயங்களுக்கும் உதவினால் செலவு குறையும் என்று தோன்றலாம். அதில் உள்ள பிழையை இயற்பியலே காட்டிவிடும்.

நான்கு வீச்சு எஞ்சினின் திறன் எதைப் பொறுத்தது? சிலிண்டருக்குள் நிலவும் சராசரிப் பயனுறு அழுத்தம், மொத்தக் கொள்ளளவு, நொடிக்கு எத்தனை சுழற்சி ஆகியவற்றைப் பெருக்கி இரண்டால் வகுத்தால் திறன் கிடைக்கும். டர்போ இல்லாதபோது அழுத்தத்தை அதிகம் கூட்ட முடியாது; 12 பார் என்று வைத்துக்கொள்வோம். கொள்ளளவோ 3.5 லிட்டர் என விதியே கட்டிவிட்டது. மிஞ்சியது சுழற்சி ஒன்றே. நிமிடத்துக்கு 8,000 சுழற்சியில் 280 கிலோவாட் கிடைக்கும். 12,000 சுழற்சியில் 420 கிலோவாட். ஆகவே வெல்ல வேண்டுமானால் சுழற்சியைக் கூட்டியே தீர வேண்டும்.

சுழற்சியைக் கூட்டினால் என்ன ஆகும்? பிஸ்டனின் இயக்கத்தை ஏறத்தாழத் தனிச்சீரிசை இயக்கமாகக் கொள்ளலாம். அதன் பெரும முடுக்கம் கோண அதிர்வெண்ணின் இருமடிக்கும் வீச்சுக்கும் நேர்விகிதத்தில் இருக்கும் என்று மேல்நிலை வகுப்பில் படித்திருப்பீர்கள். வீச்சு 25 மில்லிமீட்டர் என்றால் 8,000 சுழற்சியில் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் சுமார் 1,800 மடங்கு. 12,000 சுழற்சியில் அது சுமார் 4,000 மடங்கு. 400 கிராம் நிறையுள்ள பிஸ்டன் தன்னைத் தாங்கும் தண்டை ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட எடை தொங்குவது போல இழுக்கிறது. அதுவும் நொடிக்கு 200 தடவை!

இதைத் தாங்க என்ன செய்வார்கள்? வீச்சைக் குறைக்கச் சிலிண்டர்களைப் பெருக்குவார்கள், எட்டு, பத்தாகும், பத்து, பன்னிரண்டாகும். பிஸ்டனை இலேசாக்க அரிய உலோகங்களைத் தேடுவார்கள். எஞ்சினை அடிக்கடி பிரித்துக் கோர்ப்பார்கள். திறன் ஒன்றரை மடங்கு உயர்வதற்குள் உட்பொருள்களின் மேல் விழும் சுமை இரண்டேகால் மடங்கு ஆகிறது. செலவு ஏறியதற்கு யாருடைய பேராசையும் காரணம் இல்லை. விதியே பணத்தைச் சுழற்சியாக மாற்றும் ஒரு வழியை மட்டும் திறந்துவைத்து, மற்ற வழிகளை எல்லாம் மூடிவிட்டது.

விளைவு விரைவில் தெரிந்தது. ஒரு தனி அணியால் வாங்கித் தானே பராமரிக்கக்கூடிய எஞ்சினாக அது இல்லை. மெர்சிடிஸும் ஜாகுவாரும் 1991 முடிவில் அந்த உலகப் போட்டியிலிருந்து விலகின. சுழல் எஞ்சினால் லெ மானை வென்ற மஸ்தா, அடுத்த ஆண்டே ஜாகுவார் காரின் வழிவந்த உடலில் பிறர் செய்த பத்து சிலிண்டர் எஞ்சினை வைத்துக்கொண்டு வர நேர்ந்தது. 1992 லெ மானில் புறப்பட்ட கார்கள் 28 மட்டுமே. 1983இல் அவை ஐம்பதுக்கும் மேல். 1993இல் போதிய அணிகள் பெயர் கொடுக்காததால் உலகப் போட்டியே கைவிடப்பட்டது. 1994 லெ மானை வென்றது எது தெரியுமா? சாலையில் ஓட்டத்தக்கதாக மாற்றி அமைத்த பழைய போர்ஷே 962! வாடிக்கையாளருக்கென விற்ற காரின் வடிவம், தன்னைத் தள்ளிவிட்ட விதியின் முடிவைப் பார்த்துவிட்டே ஓய்வு பெற்றது.

மூன்றாம் விதி: ஈடுகட்டல்

2006இல் 'ஜி.டி. 3' என்ற பிரிவு பிறந்தது. சாலைக் கார்களை அடிப்படையாகக் கொண்டு தொழிற்சாலைகள் செய்து, தனி அணிகளுக்கு விற்கும் கார்கள் இவை. இன்று வாடிக்கையாளர் பந்தயத்தின் முதுகெலும்பு இதுவே. 2024 முதல் லெ மானிலும் இப்பிரிவு ஓடுகிறது.

இதன் அடிப்படை, குதிரைப் பந்தயத்தில் வேகமான குதிரையின் முதுகில் கூடுதல் எடை ஏற்றுவதைப் போன்றது. வேகமான காருக்கு எடையைக் கூட்டுவார்கள். டர்போவின் அழுத்தத்தைக் குறைப்பார்கள். அல்லது காற்று நுழையும் வழியில் குறுகிய கழுத்தொன்றை வைப்பார்கள். அந்தக் கழுத்தில் காற்றின் வேகம் ஒலியின் வேகத்தை எட்டிவிட்டால், எஞ்சின் எவ்வளவு உறிஞ்சினாலும் நொடிக்குச் செல்லும் காற்றின் நிறை அதற்கு மேல் கூடாது. காற்று கூடாவிட்டால் எரிபொருளும் கூடாது, திறனும் கூடாது. நேர்த்தியான இயற்பியல்!

இதனால் 6.2 லிட்டர் எட்டு சிலிண்டர் மெர்சிடிஸ், 3 லிட்டர் ஆறு சிலிண்டர் டர்போ ஃபெராரி, டர்போ இல்லாத ஆறு சிலிண்டர் போர்ஷே எல்லாம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சுற்றை முடிக்கின்றன. எந்த எஞ்சின் வேகமானது என்று வாங்குபவர் கவலைப்பட வேண்டியதில்லை. எது நெடுநாள் உழைக்கும், எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை பிரித்துக் கோர்க்க வேண்டும் என்றே அவர் கேட்கிறார். களம் நிறைந்திருக்கிறது. இவை இவ்விதியின் நன்மைகள், மறுக்க முடியாதவை.

ஆயினும் செலவு நின்றதா? போர்ஷே 911 ஜி.டி. 3 ஆர் காரின் விலை, வரி நீங்கலாக, 2010இல் 2,79,000 யூரோ. 2016க்கான காருக்கு 4,29,000. 2022இல் அறிவித்த காருக்கு 5,11,000. பன்னிரண்டு ஆண்டுகளில் 83 விழுக்காடு உயர்வு. ஐரோப்பாவில் அக்காலத்தில் ஏற்பட்ட பொது விலை உயர்வு அதில் பாதிகூட இல்லை. எஞ்சினும் 4 லிட்டரிலிருந்து 4.2 லிட்டராயிற்று, 480 குதிரைத்திறன் 565 ஆயிற்று. ஆனால் கூடிய திறனைக் களத்தில் ஈடுகட்டும் விதி மீண்டும் வெட்டிவிடுகிறது. அப்படியானால் வாடிக்கையாளர் எதற்குப் பணம் தருகிறார்? தாழ்ந்த சுழற்சியில் நல்ல இழுவை, ஓட்டுவதற்கு எளிமை, பழுதின்மை ஆகியவற்றுக்கு. அவை பயனுள்ளவையே. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள்: விதி வேகத்தை மட்டுமே சமன் செய்கிறது, விலையை அல்ல. ஒரு நிறுவனம் வசதியைக் கூட்டினால் மற்றவையும் கூட்டித்தான் ஆக வேண்டும்.

எங்கே அளக்கிறோம்?

என் முக்கியமான குறை இதைவிட ஆழமானது. உலகப் போட்டியில் ஓடும் பெரிய கார்களிலும், 2024 முதல் ஜி.டி. 3 கார்களிலும், சக்கரங்களுக்குச் செல்லும் தண்டுகளில் திருப்புவிசையை அளக்கும் உணர்கருவிகள் உள்ளன. திருப்புவிசையைக் கோணத் திசைவேகத்தால் பெருக்கினால் திறன். அதைக் காலத்தோடு கூட்டிக்கொண்டே போனால் ஆற்றல். பெரிய கார்களுக்கு ஒரு தவணை ஓட்டத்துக்குச் சுமார் 900 மெகாஜூல் என்பது போல அளவு வைக்கிறார்கள்.

பழைய 600 லிட்டர் விதியே திரும்பி வந்துவிட்டது என்று நினைப்பீர்கள். இல்லை. அன்று ஆற்றலை எஞ்சினுக்குள் நுழையும் இடத்தில் அளந்தார்கள். இன்று எஞ்சினைக் கடந்து வெளிவந்தபின் அளக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

30 விழுக்காடு பயனுறு திறன் கொண்ட ஓர் எஞ்சினையும், 40 விழுக்காடு கொண்ட இன்னொன்றையும் எடுத்துக்கொள்வோம். நுழைவாயிலில் அளந்தால், அதே எரிபொருளில் இரண்டாம் எஞ்சின் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேலை செய்யும், அது வெல்லும். வெளிவாயிலில் அளந்தால் இரண்டுக்கும் அதே 900 மெகாஜூல்தான். முதலாவதற்கு 94 லிட்டர் பெட்ரோல் தேவை. இரண்டாவதற்கு 70 லிட்டர். தொட்டியில் 18 கிலோகிராம் அளவு எடை குறையும், அவ்வளவே. நல்ல எஞ்சின் செய்தவருக்கு விதி தரும் பரிசு அந்தச் சிறு இலாபம் மட்டுமே. விடைத்தாளைத் திருத்தி முடித்தபின் எல்லோருக்கும் ஒரே மதிப்பெண் போடும் ஆசிரியரின் நிலை இது. சண்டை இருக்காது, படிப்பும் இருக்காது.

ஒரு மறுப்பு

நுழைவாயிலில் அளப்பதே எல்லாவற்றையும் தீர்த்துவிடுமா? அவ்வாறு சொன்னால் நான் என் கட்சிக்குச் சாதகமான சான்றுகளை மட்டும் எடுத்தவனாவேன். 2014இல் லெ மானின் உயர் பிரிவில் ஒரு சுற்றுக்கு இத்தனை மெகாஜூல் எரிபொருள் என்று பாய்வுமானி வைத்து அளந்தார்கள். டீசல் ஆடி, எட்டு சிலிண்டர் டொயோட்டா, 2 லிட்டர் நான்கு சிலிண்டர் போர்ஷே என அங்கும் பன்மை மலர்ந்தது. ஆனால் மின்கலமும் மின்னோடியும் சேர்ந்த அக்கலப்பினக் கார்களை எந்தத் தனி அணியும் விலைக்கு வாங்க இயலவில்லை. செலவு மலையாக உயர்ந்தது. 2016 முடிவில் ஆடியும் 2017 முடிவில் போர்ஷேயும் விலகின.

அதற்குச் சற்று முன், 2012இல், சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் லெ மானில் ஓட்டி ஆறாம் இடம் பெற்றதை எண்ணிப் பாருங்கள். அவர் ஓட்டியது ஒரு தனி அணி வாங்கிய, 3.4 லிட்டர் எட்டு சிலிண்டர் ஹோண்டா எஞ்சின் கொண்ட கார். விற்பனைக்குக் கிடைத்ததனால் ஓடிய கார் அது.

ஆகவே இரண்டு நிபந்தனைகள் தேவை. ஒன்று, ஆற்றலை எஞ்சினுக்குள் நுழையும் இடத்தில் அளக்க வேண்டும். அப்போதுதான் எஞ்சினைத் தேர்ந்தெடுப்பதற்குப் பொருள் உண்டு. இரண்டு, களத்தில் ஓடும் எஞ்சின் எதுவாயினும் அது தனி அணிக்கும் குறித்த விலையில் கிடைக்க வேண்டும். அப்போதுதான் செலவுக்கு வரம்பு உண்டு. 1985இல் இரண்டும் ஒருசேர அமைந்திருந்தன. 3.5 லிட்டர் விதி இரண்டையும் இழந்தது. 2014 விதி இரண்டாவதை மறந்தது. இன்றைய ஈடுகட்டும் விதி இரண்டாவதைப் பாதி காத்து, முதலாவதைக் கைவிட்டுவிட்டது.

2025 ஜூனில் லெ மானை 83ஆம் எண் கொண்ட ஃபெராரி வென்றது. அது தொழிற்சாலை அணியாக அல்லாமல் தனி அணியாகப் பதிவு செய்யப்பட்ட கார். யோஸ்ட் காலம் திரும்பியது என்று மகிழலாம். ஆனால் அதை நடத்திய ஏ.எஃப். கோர்சே அணியே தொழிற்சாலைக் கார்களையும் நடத்துகிறது. எனவே மகிழ்ச்சியில் பாதியை நிறுத்தி வைத்துக்கொள்கிறேன்.

இது நமக்குத் தொலைதூரச் செய்தி அன்று. கோயம்புத்தூர் கரி மோட்டார் பந்தயத் தளத்தில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு நம் பொறியியல் மாணவர்கள் சொந்தமாகக் கார் செய்து கொண்டுபோகிறார்கள். அங்கே வேகத்துக்கு மட்டுமன்றிச் செலவுக் கணக்குக்கும் எரிபொருள் சிக்கனத்துக்கும் மதிப்பெண் உண்டு. வாசகர்களில் யாரேனும் அங்கே போனால், கார்களைப் பார்க்குமுன் விதிநூலை ஒரு முறை வாசியுங்கள். எதை அளக்கிறார்கள், எந்த இடத்தில் அளக்கிறார்கள் என்று தேடுங்கள். பணம் உள்ளவர் வென்றுவிட மாட்டாரா என்று கேட்ட என் மாணவருக்கும் இதையே சொன்னேன். அவர் இப்போது அந்த விதிநூலைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார்.